எங்கள் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபை: புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தச் சபைக்கு நான் மருமகளாக வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பத்து வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியிருக்கிறேன். கல்யாணமாகி வரும் பெண்கள், பண்டிகைக்கு மட்டும் சென்னையிலிருந்து வந்து போகும் பிள்ளைகள், மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், பக்கத்துத் தெருவின் இந்துக் குடும்பங்கள் என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமச் சபைகளை மனதில் வைத்து எழுதியது. ஊருக்கு ஊர் வழக்கம் கொஞ்சம் மாறும்.

சபை, சேகரம், திருமண்டலம் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, என்ன வித்தியாசம்?

சபை என்பது உங்கள் ஊர்க் கோயிலும் (தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) அதைச் சேர்ந்த குடும்பங்களும். இப்படிப் பல சபைகள் சேர்ந்தால் சேகரம், அதற்குப் பொறுப்பு சேகர குரு. சேகரங்கள் எல்லாம் சேர்ந்தது திருமண்டலம், அதற்குத் தலைவர் பேராயர். முன்பு எங்களுக்கெல்லாம் திருநெல்வேலி ஒரே திருமண்டலம். 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தது. அதனால்தான் ஒரே குடும்பத்தில் அக்காள் ஒரு திருமண்டலத்திலும் தங்கை இன்னொன்றிலுமாக இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே இருப்பது தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் சபையும் மெதடிஸ்ட் சபையும், ஏற்கெனவே 1908-இல் ஒன்றாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாக இணைந்தன. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் எங்கள் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலிக்கன், கன்னியாகுமரிப் பக்கம் ஐக்கிய சபையில் சேர்ந்திருந்த லண்டன் மிஷன். இரண்டு ஊருக்கும் இன்றும் ஆராதனை நடையில் சின்னச் சின்ன வித்தியாசம் தெரிவது அதனால்தான்.

போதகரை 'ஐயர்' என்கிறீர்களே?

சென்னையிலிருந்து வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்ததே இல்லை. எங்கள் பக்கத்துப் பழைய பேச்சில் குருவானவர் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. சாதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஐயருக்கு ஐந்தாறு ஊர் இருக்கும். அதனால் அன்றாடம் சபையைப் பார்த்துக்கொள்பவர் உபதேசியார். காலை ஜெபம், நோயாளி வீடு, ஞாயிறு பள்ளி எல்லாம் அவர் தலையில்தான். மணி அடித்து, கோயிலைப் பெருக்கி, விளக்குப் போடுபவர் கோயில்பிள்ளை. சம்பளம் மூவரிலும் இவருக்குத்தான் குறைவு. ஆனால் அவர் ஒரு நாள் வராவிட்டால்தான் ஊருக்கே தெரியும்.

பெரியவர்களைப் பார்த்தால் 'ஸ்தோத்திரம்' சொல்லுங்கள். எங்கள் வீட்டுக் கிழவிகள் வாயில் அது 'தோத்திரம்' ஆகிவிடும், அதுவும் சரிதான்.

ஞாயிறு ஆராதனைக்கு எப்போது வருவது, எங்கே உட்காருவது?

முதல் மணி அடித்தால் குளிக்கப் போகலாம், இரண்டாம் மணி அடித்தால் கோயிலில் இருக்க வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். பெரும்பாலான கிராமக் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். சுடிதாரில் வரும் பிள்ளைகள் துப்பட்டாவைப் போட்டுக்கொள்கிறார்கள். முன் வரிசையில் பாய் விரித்திருந்தால் அது சின்னப் பிள்ளைகளுக்கு.

பாமாலை, கீர்த்தனை, வேதாகமம், ஜெபப் புத்தகம் ஆகிய நான்கும் பையில் இருந்தால் நீங்கள் பழைய ஆள் என்று அர்த்தம். பாமாலை ஐரோப்பிய ராகத்தில் மொழிபெயர்த்த பாட்டு, கீர்த்தனை நம் ராக தாளத்தில் நம்மவர்கள் எழுதியது. திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் போட்டுக் கொடுத்த வழி அது. கீர்த்தனை எடுத்தால் கிழவர்கள் குரல் தானாக ஏறும். கவனித்துப் பாருங்கள்.

நற்கருணையின்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்களே, அது என்ன?

நற்கருணை என்பது அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனை. அதில் வரும் இதன் பெயர் சமாதானம். குருவானவர் பீடத்திலிருந்து இறங்கி, உதவியாளரின் கூப்பிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொள்வார். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் பெஞ்சின் முதல் ஆளுக்கு. இப்படியே கடைசிப் பாய் வரைக்கும் வரும். 1950-இல் சி.எஸ்.ஐ. வகுத்த நற்கருணை ஒழுங்கிலிருந்தே இது இருக்கிறது.

பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் கையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சங்கடமும் அழகும். வாய்க்கால் வரப்புத் தகராறில் நான்கு வருஷம் பேசாமலிருந்த இரண்டு பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாமதமாக வந்ததால், ஒரே பெஞ்சில் மாட்டிக்கொண்டார்கள். சமாதானம் வந்தபோது ஒருத்தி கையை நீட்டினாள், இன்னொருத்தி கூரையைப் பார்த்துக்கொண்டே வாங்கினாள். அன்றைக்கே ராசியாகிவிடவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஒருத்தி வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தி தேங்காய் துருவிக் கொடுத்தாள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. கோயிலுக்குள் வரலாமா?

தாராளமாக. ஆராதனை முழுவதும் இருக்கலாம், பாடலாம், ஜெபிக்கச் சொல்லிக் கேட்கலாம். பரீட்சை நேரத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்து முழங்காலிடுவார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நற்கருணை அப்பமும் ரசமும் மட்டும் ஞானஸ்நானம் பெற்றுத் திடப்படுத்தல் எடுத்தவர்களுக்கு. அந்த நேரத்தில் எழுந்து போகாமல் இடத்திலேயே இருந்தால் போதும்.

திடப்படுத்தல் என்றால்?

குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சொன்ன வாக்கைப் பிள்ளை வளர்ந்தபின் தன் வாயால் சொல்வது. பதின்பருவத்தில் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், பேராயர் வந்து தலையில் கை வைப்பார். வெள்ளை உடை, போட்டோ, வீட்டில் பிரியாணி. வகுப்பில் மனப்பாடம் செய்த பத்துக் கட்டளை ஆறு மாதத்தில் மறந்துவிடும், போட்டோ மட்டும் சுவரில் நிற்கும் என்று எங்கள் உபதேசியார் சொல்வார்.

எந்தச் சங்கத்தில் யார் சேரலாம்?

பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி, கோடை விடுமுறையில் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி. இளைஞர்களுக்கு வாலிபர் ஐக்கிய சங்கம், அப்புறம் ஆண்கள் ஐக்கிய சங்கம், பெண்கள் ஐக்கிய சங்கம், பாடகர் குழு. தெருவுக்குத் தெரு வீட்டு ஜெபக் கூட்டமும் உண்டு.

எங்கள் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்வேன், மன்னியுங்கள். வாரம் ஒரு நாள் சாயங்காலம் கூடுவோம். பாட்டு, வேதபாடம், ஜெபம், பிறகு யார் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்ற விவரம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை ஊர்க்கதை என்பார்கள். ஆனால் அந்தக் கதையில் இருந்துதான் யார் வீட்டுக்கு நாளைக்குக் கஞ்சி போக வேண்டும், யார் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லை என்பதெல்லாம் தெரியவரும். மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிய ஜெப ஒழுங்கை உலகம் முழுக்கப் பெண்கள் வாசிப்பார்கள். எங்கோ ஒரு தீவுப் பெண் தன் ஊர்ப் புயலைப் பற்றி எழுதியதை தேரிக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து தமிழில் வாசிக்கும்போது, அந்தத் தீவு எங்கே என்று பேத்தியிடம் போனில் தேடச் சொல்வோம்.

பிடி அரிசியும் எங்கள் வேலைதான். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போடுவது, மாதம் ஒருமுறை கோயிலுக்குக் கொண்டுவருவது. இப்போது பாதிப் பேர் ரேஷன் அரிசியைப் போட்டுவிட்டு நல்ல அரிசியைச் சமைக்கிறார்கள் என்று ஒரு புகார் உண்டு. நான் யாரையும் கேட்பதில்லை, அளந்து விற்றுக் கணக்கில் சேர்த்துவிடுவேன்.

பாட வராது, பாடகர் குழுவில் சேரலாமா?

சேரலாம். நான்கு குரலில் பாடுவது ஒருவர் பாடுவதைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்வதுதான். டிசம்பர் வந்தால் குரலைவிட ஆள்தான் முக்கியம். இராத்திரி வீடு வீடாகப் போய்ப் பாடும்போது ஆர்மோனியம் தூக்க, டிரம் அடிக்க, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட ஆள் வேண்டும். வயதானவர்கள் அதை இன்னும் பஜனை என்றுதான் சொல்வார்கள்.

அசனம் அசனம் என்கிறீர்களே, அது என்ன?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அசனம் என்றால் உணவு. பெரும்பாலும் கோயில் பிரதிஷ்டை பண்டிகையோடு (கோயிலை அர்ப்பணித்த நாளின் பண்டிகை) சேர்த்து, சபையார் எல்லாரும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவது அசன பண்டிகை. சாப்பிட வருபவர்களில் பாதிப் பேர் சபையார் இல்லை. பக்கத்து ஊர், எல்லா மதம், வழியில் போகும் லாரிக்காரர் வரை வருவார்கள். யாரையும் யாரென்று கேட்பதில்லை.

ஆடு சிலர் நேர்ந்துகொண்டு கொடுப்பது, சிலர் பணம், சிலர் அரிசி மூட்டை, சிலர் விறகு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடும் ஊரும் உண்டு. முந்தின நாள் சாயங்காலமே கோயில் வளாகத்தில் குழி வெட்டி அடுப்புப் போடுவார்கள். உள்ளி உரிக்க, இஞ்சி தோல் சீவ, மசாலா அரைக்கப் பெண்கள். கறி வெட்ட, சோறு வடிக்க ஆண்கள். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்காத ஆண்பிள்ளை, அன்றைக்கு மட்டும் பெரிய செம்பை இரண்டு பக்கமும் கம்பு கொடுத்துத் தூக்கிச் சோறு வடிப்பதைப் பார்க்கலாம். வடித்த சோற்றை ஓலைப்பாயில் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் கொட்டுவார்கள். விடியற்காலை அந்தச் சோற்றுக் குன்றிலிருந்து ஆவி எழும்பி, பெட்ரோமாக்ஸ் காலத்தில் அது மஞ்சளாகத் தெரியும், இப்போது எல்.இ.டி. வெளிச்சத்தில் நீலமாகத் தெரிகிறது. மஞ்சள்தான் நன்றாக இருந்தது.

ஐயர் வந்து ஜெபம் பண்ணிய பிறகுதான் பந்தி. அதற்கு முன் உப்புப் பார்க்க ஒரு ஆளுக்கு மட்டும் அனுமதி. அந்தப் பதவிக்கு எங்கள் ஊரில் இருக்கும் போட்டி, கமிட்டித் தேர்தலில்கூடக் கிடையாது.

கல்யாணமான முதல் வருஷம் என் முன்னால் ஒரு சாக்கு இஞ்சியைக் கொட்டி ஒரு கரண்டியையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். யார் பெயரும் தெரியாது. இராத்திரி இரண்டு மணிக்கு விரல் எரியும்போது, பக்கத்தில் உள்ளி உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா தேங்காய் எண்ணெய் எடுத்து என் கையில் தடவிவிட்டு, 'நீ எந்த ஊர் பிள்ள?' என்று கேட்டார்கள். சபைக்கு நான் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என்னிடம் என்னைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

அறுப்பின் பண்டிகையில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கிறார்களே, பைத்தியமா?

இல்லை, அது காணிக்கை. விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவரும் பண்டிகை அது. வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், பனங்கிழங்கு, கருப்பட்டி, கோழி, முட்டை, தைத்த சட்டை, வயல் இல்லாதவர்கள் வீட்டில் செய்த முறுக்கு எல்லாம் பீடத்தின் முன்னால் குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். ஒரே எலுமிச்சம்பழம் ஐந்து கை மாறும்.

ஏலம் கூறுபவருக்குத் தனித் திறமை வேண்டும். யாருக்கு எந்த மைத்துனன்மேல் வீம்பு என்று தெரிந்திருக்க வேண்டும். 'அத்தான் முந்நூறு சொல்லிட்டாரு, மாப்ள சும்மா நிக்காரே' என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். வீம்பில் கேட்டுவிட்டு வீட்டில் திட்டு வாங்கியவர்களும் உண்டு. என் யோசனை: வரும்போது எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவு பண்ணி அந்தப் பணத்தை மட்டும் எடுத்து வாருங்கள். கடன் சொல்லி எடுத்த கோழிக்கு அடுத்த பண்டிகை வரை பாக்கி வசூலிக்க அலைந்திருக்கிறேன்.

ஈஸ்டர் தேதி ஏன் வருஷா வருஷம் மாறுகிறது? லெந்து நாளை எப்படி எண்ணுவது?

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் சாம்பல் புதன், அன்றிலிருந்து ஈஸ்டர் வரையுள்ள தவக்காலம்தான் லெந்து. ஞாயிறுகளைக் கழித்தால் 40. லெந்தில் கல்யாணம் வைப்பதில்லை. வீட்டில் மீன், கறி நிறுத்துவது அவரவர் பொருத்தனை, அதாவது நேர்ச்சை. குருத்தோலை ஞாயிறன்று பவனி, பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் சிலுவையின் ஏழு வார்த்தை தியானம். ஈஸ்டருக்கு விடியும் முன்னே ஆராதனை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு வருஷம் முழுக்கக் கோயில் பக்கம் வராதவர்களும் வந்துவிடுவார்கள், வாக்குத்தத்த வசன அட்டை வாங்க. இடம் வேண்டுமானால் பத்து மணிக்கே வாருங்கள்.

காணிக்கை எவ்வளவு போட வேண்டும்?

ஞாயிறு பையில் போடுவது உங்கள் இஷ்டம், யாரும் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை சங்கக் காணிக்கை உண்டு, அதற்கு ரசீது கட்டாயம் வாங்குங்கள். வாக்குரிமைப் பட்டியலுக்கு அது கேட்பார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். பெயரை வாசித்து ஜெபிப்பார்கள்.

எண்ணுவது எப்போதும் இரண்டு பேராக, அன்றைக்கே, கையெழுத்தோடு. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. நம்பிக்கை இருக்கிறது, எதற்குக் கையெழுத்து என்று ஒரு வருஷம் விட்டுவிட்டோம். பண்டிகைக் கணக்கை அந்த முறை வாசிக்கவே இல்லை. பணம் போனதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு குடும்பங்கள் கோயிலுக்கு வருவது நின்றுபோனது எனக்குத் தெரியும்.

எங்கள் காசு எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்டால் ஒரு பழைய கதை சொல்வேன். 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில், தங்கள் ஆட்களைக் கொண்டு நடத்துவதற்கென்றே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளைக்காரர் அசரியா. அவர்தான் பிறகு தெலுங்கு நாட்டுக்குப் போய், 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்த்திருந்த காலத்திலேயே எங்கள் ஊர்க்காரர்கள் வெளியே பணம் அனுப்பியிருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

குறைந்தது ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். பெண் சபையிலும் மாப்பிள்ளை சபையிலும் வாசித்து, ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வர வேண்டும். ஞானஸ்நானச் சான்று, வயதுச் சான்று தயாராக இருக்கட்டும். சட்டம் 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். சாதாரணமாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடத்த வேண்டும் என்கிறது அது. முகூர்த்த நேரம் பார்க்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பெயர் எழுத்துகளை ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது ஒரு எழுத்துப் பிசகுக்காக எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்!

வீட்டில் துக்கம் என்றால் யாரிடம் சொல்வது?

உபதேசியாரிடம். மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு மணி அடித்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கோயில் பெஞ்சுகள் உங்கள் முற்றத்துக்கு வந்துவிடும், பாடகர் குழு வந்துவிடும். வாலிபர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு மண்வெட்டியோடு போய்விடுவார்கள். எங்கள் மாமனார் இறந்த அன்று சாயங்காலம் சட்டி சட்டியாகச் சோறு வந்தது, யார் கொடுத்தது என்று தெரியாமல் மறுநாள் சட்டியைத் திருப்பிக் கொடுக்க ஒவ்வொரு வீடாக விசாரித்தேன். மூன்று சட்டிகளுக்கு உரிமைக்காரர்களே கிடைக்கவில்லை. இன்னும் என் அடுப்படியில்தான் இருக்கின்றன.

தேர்தல் சமயத்தில் ஏன் இவ்வளவு சண்டை?

சபையில் இருந்து சேகரக் கமிட்டி, திருமண்டலப் பெருமன்றம் என்று மேலே போகும் தேர்தல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி என்று வேலை நியமனமும் சொத்தும் திருமண்டலத்தின் கையில் இருப்பதால் அரசியலும் கூடவே வருகிறது. அணி, போஸ்டர், வழக்கு எல்லாம் உண்டு. மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. புதியவர்கள் முதல் தேர்தலில் எந்த அணியிலும் பெயர் கொடுக்காமல், யார் தோற்ற பிறகும் கோயிலைக் கூட்டிப் பெருக்க வருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு ஏன் கேட்கிறார்கள்?

இல்லை என்று பிரசங்கத்தில் கேட்கலாம், கல்யாணப் பேச்சில் இருக்கும். சில ஊர்களில் கல்லறையிலும் இருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

சான்றிதழ் பற்றியும் கேட்கிறார்கள். பட்டியல் சாதிக்கான 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையில் முதலில் இந்துக்கள் மட்டும், 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சமூகங்களிலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் எடுக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு எடுக்க வேண்டும். தெரியாமல் எடுத்துவிட்டுப் பிறகு எங்கள்மேல் வருத்தப்படக் கூடாது.

பெண்கள் குருவாகலாமா?

ஆகலாம். சி.எஸ்.ஐ.யில் 1976-இலிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறார்கள். 2013-இல் நந்தியால் திருமண்டலத்தில் ஒரு பெண் பேராயரானார். கிராமங்களில் இன்னும் பெண் குரு அபூர்வம். கமிட்டியில் எங்களைச் சேர்த்துக்கொள்வார்கள், தீர்மானத்தை எழுதச் சொல்வார்கள், பேசினால் மணியைப் பார்ப்பார்கள்.

வெளியூரில் இருக்கிறோம். எங்கள் பெயர் எந்தச் சபையில்?

இரண்டு இடத்திலும் முழு உரிமை கேட்காதீர்கள். நிரந்தரமாகப் போய்விட்டால் ஐயரிடம் மாற்றுக் கடிதம் வாங்கி அங்கே சேர்ந்துவிடுங்கள். பண்டிகைக்கு இங்கே வாருங்கள், அசனத்துக்கு ஒரு ஆட்டுக் காசு அனுப்புங்கள், சந்தோஷம். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இருந்துகொண்டு கோபுரத்துக்கு என்ன வண்ணம் அடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வதை நிறுத்தினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

மூன்று மாதமாக வருகிறேன். யாரும் என்னிடம் பேசவே இல்லை. என்ன செய்வது?

எங்கள்மேல் தப்புதான். ஆராதனை முடிந்ததும் சொந்தக்காரர்களோடு பேசிக்கொண்டே வெளியேறிவிடுவோம், வாசலில் தனியாக நிற்பவரைக் கவனிக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் உபவாச ஜெபம் முடிந்து, பாய்களை உதறிச் சுருட்டி வைக்க எப்போதும் ஆள் குறைவு. அந்த நேரத்துக்கு வாருங்கள். பாயின் ஒரு முனையை நான் பிடிக்கிறேன், மறுமுனைக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.